பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும்: நவராத்திரிக்கு வீட்டிலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு வளையலும் வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அந்த வளையலை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் பட்டு நூல் வளையலில் தொடங்குவது நல்லது. அடுப்பு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், புடவையின் நிறத்துக்கு அப்படியே பொருத்திக்கொள்ளலாம். கற்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: நூலை முறுக்கில்லாமல், தட்டையாக, ஒரே இழுப்பில் சுற்றுவது. அது கைக்கு வந்துவிட்டால் ஜிமிக்கியும் கம்மலும் அதே வேலையின் வேறு வடிவங்கள். அது வராதபோது மேலே எத்தனை கல் பதித்தாலும் வளையல் மேடு பள்ளமாகவே தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி சுற்றுவதைப் பற்றித்தான்.

நூல் வாங்கும்போது

கடையில் ‘பட்டு நூல்’ என்று விற்கும் கண்டுகளில் பெரும்பாலானவை புழுப்பட்டு அல்ல, விஸ்கோஸ் ரேயான். சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் அசல் பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் ரேயான். வளையலுக்கு ரேயானே போதும். பளபளப்பு நன்றாக இருக்கும், விலையும் குறைவு. அதன் ஒரே பலவீனம் ஈரம். நனைந்தால் ரேயானின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், அடர்நிறங்கள் சாயமும் விடும். குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் இந்த வளையலைக் கழற்றச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஒரு செட்டுக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அதே எண், அதே நிறம் என்று சொல்லி வாங்கினாலும் அடுத்த மாதம் வரும் சாயம் ஒரு சாயல் மாறியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. கையில் பக்கத்துப் பக்கத்தில் போடும்போது தெரியும்.

அளவு 2.6, அகலம் 8 மி.மீ., தடிமன் 3 மி.மீ. உள்ள ஒரு வளையலுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் நூல் போகும். 4 மி.மீ. அகலமுள்ள மெல்லிய வளையலுக்கு 20 மீட்டர், 12 மி.மீ. கடாவுக்கு (அகலமான பட்டை வளையல்) 65 மீட்டர். ஒரு கைக்கு இரண்டு கடா, நடுவில் நான்கு மெல்லிய வளையல் என்று செட் போட்டால் 210 மீட்டர் வரும். இரண்டு கைக்கும் 420 மீட்டர், சேதாரத்தோடு 450 என்று கணக்கிடுங்கள். கண்டின் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உறையில் போட்டிருக்கும் மீட்டரைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

அடி வளையல்

வளையல் அளவில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் தசமம் அல்ல, பதினாறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு. 2.4 என்றால் 2 அங்குலமும் 4/16 அங்குலமும். உள்விட்டம் 57 மி.மீ. அதேபோல் 2.6 என்பது 60 மி.மீ., 2.8 என்பது 63.5 மி.மீ., 2.10 என்பது 66.7 மி.மீ. இந்தக் கணக்குப்படி 2.10 தான் 2.8-ஐவிடப் பெரியது. புதிதாக வாங்குகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். குழந்தைகளுக்கான 1.12 அளவு 44 மி.மீ. வரும்.

நூல் சுற்றிய பிறகு உள்விட்டம் ஒரு மி.மீ. அளவுக்குக் குறையும். அதைவிட முக்கியம், நூல் கண்ணாடி போல வழுக்கிக்கொண்டு ஏறாது. கண்ணாடி வளையலைச் சோப்புப் போட்டுத்தான் ஏற்ற முடியும் என்கிற கைக்கு அடுத்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று தெரியாத தாம்பூல வளையலுக்கு 2.6-லும் 2.8-லும் பாதிப் பாதி செய்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடிக்கு வெள்ளை பிளாஸ்டிக் வளையல் வாங்குங்கள். கறுப்பு அல்லது அடர்நிற வளையல்மேல் மஞ்சள், இளஞ்சிவப்பு, தந்த நிற நூலைச் சுற்றினால் அடி நிறம் ஊடுருவி, நூல் அழுக்கேறியது போலத் தெரியும். வீட்டில் கிடக்கும் பழைய வளையலையும் பயன்படுத்தலாம். அதன் பளபளப்பு போகும்வரை 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, அடர்நிறமாக இருந்தால் மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். தேய்க்காமல் சுற்றினால் பசை பிடிக்காது; நூல் மொத்தமாக மோதிரம் போல வளையல்மேல் சுழலும்.

மற்ற சாமான்கள்: துணிக்கு ஒட்டும் ஃபேப்ரிக் க்ளூ, கல் ஒட்ட பி7000 போன்ற பசை, பல்குச்சி, கூர்மையான சிறு கத்தரிக்கோல், அகலப் பல் சீப்பு, ஸ்டோன் செயின் (கல் பதித்த சங்கிலி), பால் செயின் (சிறு உருண்டைகளாலான சங்கிலி), குந்தன் கல். ஜிமிக்கிக்கு மட்டும் கூடுதலாக ரவுண்ட் நோஸ் பிளையரும் ஒரு சிறிய கட்டரும் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாம் சௌகார்பேட்டையில் மொத்த விலையில் கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆரி வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

இழைக்கொத்து எடுப்பது

நூலை ஒற்றை இழையாகச் சுற்றினால் நாள் முழுக்க ஆகும். பல இழைகளைச் சேர்த்துப் பட்டை போலச் சுற்றுவதுதான் முறை. 8 மி.மீ. வளையலுக்கும் கடாவுக்கும் 20 இழை, மெல்லிய வளையலுக்கு 12 இழை. இழை கூடக் கூட வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கொத்து தடித்துப்போய்ப் பட்டையாகப் படியாது. 20-க்கு மேல் போகாதீர்கள்.

இரண்டு நாற்காலிகளை, முதுகுக்கும் முதுகுக்கும் 65 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். நூலை இரண்டையும் சேர்த்து 20 சுற்று சுற்றி, ஒரே இடத்தில் கத்தரித்தால் 1.3 மீட்டர் நீளமுள்ள 20 இழைக் கொத்து கிடைக்கும். 8 மி.மீ. வளையலுக்கு இப்படி இரண்டு கொத்து வேண்டும். 2.6 மீட்டரில் ஒரே கொத்தாக எடுத்தால் இணைப்பே இருக்காதே என்று தோன்றும். ஆனால் அவ்வளவு நீளத்தை ஒவ்வொரு முறையும் வளையலுக்குள் இழுத்து எடுக்கும்போது இழைகள் உரசி, பிசிறு கிளம்பி, பளபளப்பே போய்விடும். உள்பக்கத்தில் ஒரு இணைப்பு இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சுற்றும்போது எல்லா இழைகளும் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். ஒன்று தொய்ந்தால் வளையலில் அது தனியாக வளைந்து நிற்கும். கத்தரித்த கொத்தின் ஒரு முனையை டேப்பால் ஒட்டி, மறுமுனை வரை சீப்பால் ஒருமுறை வாரிவிடுங்கள். ஒட்டிய முனையில் பசையைத் தொட்டு, விரலால் தட்டையாக நசுக்கிக் காயவிட்டால் அது நாடா முனை போல விறைப்பாகும். வளையலுக்குள் நுழைப்பது எளிது.

சுற்றுவது

கொத்தின் மறுமுனையை வளையலின் உள்பக்கத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்குப் பசை வைத்து ஒட்டி, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முனை சரிவாக இல்லாமல் வளையலின் அகலத்துக்குக் குறுக்கே நேராக இருக்கட்டும். முதல் சுற்று சரிந்தால் கடைசிச் சுற்று வரை சரிந்தே போகும்.

பசையைப் பல்குச்சியால் எடுத்து 2 செ.மீ. தூரத்துக்கு மட்டும், விரலால் தொட்டால் ஒட்டும் அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். அரை நிமிடம் விட்டு, பசையின் ஈரப் பளபளப்பு மங்கியதும் சுற்றத் தொடங்குங்கள். புதிதாகச் செய்பவர்களின் வளையல் கெடுவதற்கு முதல் காரணம் பசை அதிகமாவதுதான். ஈரப் பசை இழைகளுக்கு நடுவே மேலே ஏறி வரும். காய்ந்த பிறகு அந்த இடம் எண்ணெய் பட்டது போலக் கறுத்துத் தெரியும். ஒருமுறை ஏறிய கறை போகாது. அந்த இடத்தில் ஒரு குந்தன் கல்லை ஒட்டி மறைக்கலாம், அவ்வளவுதான். உள்பக்கம் முழுக்கப் பசை தடவத் தேவையில்லை. மேல்பக்கத்தில் பிடித்தால் போதும்.

ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடட்டும். 20 இழைப் பட்டை விரிந்து கிடக்கும்போது ஏறத்தாழ 4 மி.மீ. அகலம் இருக்கும், சுற்றுக்கு 2 மி.மீ. முன்னேறினால் சரி. சரியாக இருக்கிறதா என்று வெளிப்பக்கத்தை மட்டும் பாருங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள வளையலில் வெளிச் சுற்றளவு உள் சுற்றளவைவிடச் சுமார் 19 மி.மீ. அதிகம். அதனால் உள்ளே நூல் நெருங்கி ஏறும், வெளியே விரியும். உள்பக்கம் அழகாக அமைகிறது என்று நம்பிச் சுற்றிக்கொண்டே போனால் வெளியே வெள்ளை அடி எட்டிப் பார்க்கும்.

இனி முறுக்கு. கொத்தை வளையலுக்குள் விட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் முறுக்கு ஏறும். நான்கைந்து சுற்றில் பட்டை கயிறாகிவிடும், பளபளப்பும் குறையும். பட்டு நூலின் மினுமினுப்பே இழைகள் பக்கத்துப் பக்கத்தில் தட்டையாகப் படுத்து ஒரே திசையில் ஒளியைத் திருப்புவதால் வருவது. ஆகவே ஐந்து சுற்றுக்கு ஒருமுறை, சுற்றிய இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொத்தின் மீதி வாலைத் தொங்க விடுங்கள். அது தானாகவே சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். பிறகு விரல்களால் ஒருமுறை வாரிவிட்டுத் தொடருங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

கொத்து 3 செ.மீ. மிச்சமாகும்போது நிறுத்துங்கள். முனையை உள்பக்கத்தில் ஒட்டி, மிச்சத்தை வெட்டி, அடுத்த கொத்தை அதே இடத்தில் ஒட்டித் தொடங்குங்கள். புதிய கொத்தின் முதல் சுற்று இணைப்பை மூடிவிடும். கடைசியில் தொடக்க இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு சுற்று மேலே ஏறி, உள்ளே ஒட்டி முடிக்கவும். இரண்டு மூன்று சுற்று ஏறினால் அங்கே ஒரு புடைப்பு வரும். ஸ்டோன் செயின் ஒட்டும்போது அந்த இடத்தில் செயின் மேலே தூக்கும்.

கிளம்பி நிற்கும் பிசிறை மெழுகுவத்தியில் காட்டிப் பொசுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். ரேயான் சட்டென்று தீப்பிடிக்கும், பசையும் அப்படித்தான். நுனிக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். சுற்றிய வளையலைக் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றோட்டமாக வைத்துவிட்டுத்தான் அலங்காரத்துக்குப் போக வேண்டும்.

கல்லும் செயினும்

ஸ்டோன் செயினை முன்கூட்டியே அளந்து வெட்டாதீர்கள். வளைவில் ஒட்டும்போது நீளம் மாறும். கண்டிலிருந்து நேராக ஒட்டிக்கொண்டே வந்து, கடைசி 3 செ.மீ. இருக்கும்போது நிறுத்திக் கணக்குப் பாருங்கள். அரைக் கல் இடைவெளி மிஞ்சும் போலத் தெரிந்தால், அந்த 3 செ.மீ. தூரத்தில் கண்ணிகளை லேசாக இழுத்துப் பரப்பிவிட்டால் இடைவெளி மறைந்துவிடும். வெட்டும்போது கல்லின் கிண்ணத்தை வெட்டாமல் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவிலுள்ள கண்ணியை வெட்ட வேண்டும். 2.6 அளவுள்ள 8 மி.மீ. வளையலுக்கு ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 21 செ.மீ. போகும்.

கல் ஒட்டும் பசையின் வாடை தலைவலி தரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், சிறு பிள்ளைகளை அந்த வேலையில் சேர்க்காதீர்கள். குந்தன் கல்லுக்கு அடியில் கடுகளவு பசை போதும். வைத்து அழுத்தியதும் ஓரத்தில் பிதுங்கினால் அது அதிகம் என்று பொருள். ஈரமாக இருக்கும்போதே பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். முழுப் பிடிமானம் வர 24 மணி நேரமாகும். அதற்குள் கையில் போட்டுப் பார்க்கும் ஆசையில்தான் பாதிக் கற்கள் உதிர்கின்றன.

அலங்காரத்தில் ஒரு யோசனை: கடாவில் மட்டும் குந்தன் வையுங்கள். நடு வளையல்களை வெறும் நூலாகவோ ஒற்றை பால் செயினோடோ விட்டுவிடுங்கள். எல்லா வளையலிலும் கல் இருந்தால் ஒன்றோடொன்று உரசி நூலை அறுக்கும், நூலின் மினுமினுப்பும் பார்வைக்கு வராது.

ஜிமிக்கி

25 மி.மீ. பிளாஸ்டிக் ஜிமிக்கி அடியை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் விளிம்பின் சுற்றளவு 78 மி.மீ. மேலே இருக்கும் துளையின் விட்டம் 4 மி.மீ. என்றால் அதன் சுற்றளவு 12.5 மி.மீ. தான். விளிம்பில் வரிசையாகப் படுக்கும் அத்தனை நூலும் அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். ஆறு இழைக் கொத்தாகச் சுற்றினாலும் முடிவில் 300-க்கும் மேற்பட்ட இழைகள் துளைக்குள் நெருக்கும். ஜிமிக்கியில் வரும் தொல்லை எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

ஆகவே துளை 4 மி.மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சுற்றுவதற்கு முன்பே பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஆறு இழைகளுக்கு மேல் வேண்டாம்; ஒவ்வொரு ஜிமிக்கிக்கும் ஒரு மீட்டர் கொத்து இரண்டு. முனையை மழுங்கிய ஊசியில் கோத்து, உள்ளிருந்து துளை வழியாக மேலே எடுத்து, வெளிப்பக்கம் இறக்கி, விளிம்பைச் சுற்றி மறுபடி உள்ளே கொண்டுபோங்கள். விளிம்பில் ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். மேலே ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது இயல்பு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே வரும் தொப்பி (மணிக்கு அடியில் கோக்கும் சிறு கிண்ண மூடி) அதை மறைத்துவிடும். பசை விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு போதும். துளைக்குள் பசை போனால் நூல் இறுகி ஊசி நுழையாது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பல்குச்சியைத் துளைக்குள் விட்டு நூலை ஓரத்துக்கு ஒதுக்குங்கள்.

கோப்பது இப்படி: தலையுள்ள பின்னில் (ஒரு முனை தட்டையான கம்பி) முதலில் 4 மி.மீ. முத்து, பிறகு சுற்றிய ஜிமிக்கியின் உள்ளிருந்து துளை வழியாக மேலே, அதன்மேல் தொப்பி, அதன்மேல் 6 மி.மீ. மணி. மேலே மிஞ்சும் கம்பியை 9 மி.மீ. விட்டு வெட்டி, மணியை ஒட்டி முதலில் செங்கோணமாக மடித்து, பிறகு ரவுண்ட் நோஸ் பிளையரால் வளையமாகச் சுருட்டுங்கள். மடிக்காமல் நேரடியாகச் சுருட்டினால் வளையம் ஒரு பக்கம் சாய்ந்து ஜிமிக்கி கோணலாகத் தொங்கும். முத்து சின்னதாக இருந்து நூலுக்குள் புகுந்துகொண்டால் இடையில் இன்னொரு தொப்பியைக் கவிழ்த்துப் போடவும்.

கம்மல் பகுதியோடு இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திறக்க வேண்டும். அகல இழுத்துத் திறந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், மறுபடி ஒழுங்காக மூடாது. ஜிமிக்கி தெருவில் தொலைவது அதனால்தான். காதுக்குள் போகும் கம்பி நிக்கல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். தட்டைக் கம்மலுக்குப் பின்னால் கம்பியை ஒட்டியதும், அதே அளவில் வட்டமாக வெட்டிய ஃபெல்ட் துணியில் ஒரு துளையிட்டு மேலே ஒட்டினால் பிடிமானமும் கூடும், காதிலும் உறுத்தாது.

மிச்ச நூலில் தோரணம்

நூல் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். கொலு வைக்கும் அறையின் வாசலுக்குக் குஞ்சத் தோரணம் செய்யலாம், குழந்தைகளையும் இதில் உட்கார வைக்கலாம். 7 செ.மீ. அகல அட்டையில் நூலை 80 சுற்று சுற்றுங்கள். துண்டு நூலாக இருந்தால் பல நிறங்களைக் கலந்தே சுற்றலாம். மேல் ஓரத்தில் ஒரு நூலை விட்டு இறுக்கி முடிந்து, கீழ் ஓரத்தைக் கத்தரித்து, அட்டையை எடுத்துவிடுங்கள். தலையிலிருந்து ஒரு செ.மீ. கீழே ஜரிகை நூலால் எட்டுச் சுற்று சுற்றிக் கட்டினால் குஞ்சம் தயார். ரேயான் வழுக்கும், ஒற்றை முடிச்சு நிற்காது, இரட்டை முடிச்சும் ஒரு சொட்டுப் பசையும் வேண்டும். நுனி சுருண்டு நின்றால் கெட்டில் ஆவியில் ஒரு கணம் காட்டி விரலால் நீவுங்கள், நனைக்க வேண்டாம்.

90 செ.மீ. வாசலுக்கு, இரு பக்கமும் கட்டுவதற்கு 20 செ.மீ. விட்டு, 1.3 மீட்டர் பருத்திக் கயிறு எடுத்து, 8 செ.மீட்டருக்கு ஒன்றாக 11 குஞ்சம் கட்டினால் நிறைவாக இருக்கும். நடுக் குஞ்சத்தை முதலில் கட்டி, அங்கிருந்து இரு பக்கமும் அளந்து போங்கள். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசியில் இடைவெளி பொருந்தாது.

தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் இதே கற்களை அகல் விளக்கில் ஒட்ட ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண் அகல் எண்ணெயை உறிஞ்சி வெளிப்பக்கம் வரை கசியவிடும். அந்த எண்ணெயில் பசை விட்டுப்போகும், சூட்டில் இன்னும் இளகும். ஏற்றிய சில மணி நேரத்தில் கல் உதிரத் தொடங்கும். அலங்கரித்த அகலில் நேராக எண்ணெய் விடாமல், தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகு விளக்கை உள்ளே வையுங்கள். திரி வரும் மூக்குப் பகுதியில் நூலோ கல்லோ எதுவும் வேண்டாம்.

செய்து முடித்த வளையல்களைச் செட் செட்டாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அணியும்போது வாசனைத் திரவியம் முதலில், அது உலர்ந்த பிறகு வளையல். தூசி படிந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷால் நூல் போகும் திசையிலேயே தட்டிவிட்டால் போதும். தாம்பூலப் பையில் போடும்போது மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்துப் போடாமல் தனி உறையில் வையுங்கள். வெளிர் நூலில் குங்குமம் ஒட்டினால் தட்டினாலும் முழுதாகப் போகாது, நனைத்துத் துடைத்தால் இன்னும் பரவும்.